பாதிக்கு மேல்

இரண்டாயிரங்களின் நடுவில், பகலில் ஓர் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை செய்துகொண்டு, மாலையில் வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டுக் கட்டுரைக்கு எனக்குக் கிடைத்த தலைப்பு, அமெரிக்காவின் ஆரம்பகால மாநில ஆளுநர் தேர்தல்கள். சில மாநிலங்களில் மக்கள் வாக்களித்தும் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், சட்டசபையே ஆளுநரைத் தேர்ந்தெடுக்கும். முதலாவதாக வந்தவர் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனதும் உண்டு. புலம்பெயர்ந்து நாங்கள் குடியிருந்த மிச்சம் என்ற புறநகருக்குத் திரும்பும் டிராமில் அதை வாசித்துக் கொட்டாவி விட்டேன்.

அந்த வசந்தத்தில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் தலைவர் பதவிக்கு நானும் நின்றேன். எதிரே இரண்டு ஆண்கள். பெற்றோர் வாக்களித்தார்கள். நான்தான் முதலாவது, ஆனால் பாதியைத் தொடவில்லை. செயலாளர் பள்ளியின் யாப்பை, அதாவது விதிமுறைப் புத்தகத்தை, புரட்டினார்.

“பாதிக்கு மேல எடுக்காட்டி கமிட்டிதான் முடிவெடுக்கும் எண்டு கிடக்கு, தங்கச்சி.”

கமிட்டி அடுத்த அறைக்குப் போனது. தேநீர் ஆறுவதற்குள் திரும்பி வந்து, இரண்டாவதாக வந்தவரைத் தலைவராக அறிவித்தது. அவர் நெடுங்காலம் கமிட்டியில் இருந்தவர். நான் கைதட்டினேன். காருக்குள் ஏறியதும் அழுதுவிட்டேன்.

“இனி அந்தப் பக்கம் போகாதையும்,” என்றார் கணவர்.

“போவன். முதல்ல கட்டுரையை முடிக்கிறன்.”

இப்போது கொட்டாவி வரவில்லை. அந்த மாநிலங்கள் அந்த விதியை எப்படிக் கைவிட்டன என்று தேடித் தேடி வாசித்தேன். ஒரே நாளில் நடக்கவில்லை. மக்கள் விடாமல் முறையிட்டார்கள். கடைசியில் யாப்பையே திருத்தினார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். யாருக்கும் பாதி கிடைக்காவிட்டால், முதல் இருவரில் ஒருவருக்குப் பெற்றோரே அன்றே மறுபடி வாக்களிக்க வேண்டும் என்று கேட்டேன்.

“இதென்ன அமெரிக்காவோ?” என்று ஒருவர் சிரித்தார்.

“ஓம் அண்ணை, அங்கையும் இதே கரைச்சல்தான் இருந்தது,” என்று சொல்லி, வாசித்ததை ஐந்து நிமிடத்தில் விளக்கினேன்.

முதலில் எழுந்தவர் தலைவர்தான். “போன முறை என்னைத் தெரிவு செய்தது கமிட்டி. சனம் தெரிவு செய்திருந்தா எனக்கு இன்னும் சந்தோஷமா இருந்திருக்கும்,” என்று சொல்லிக் கையை உயர்த்தினார். பின்வரிசை வரை கைகள் எழுந்தன.

அடுத்த தேர்தலில் பரீட்சை காரணமாக நான் நிற்கவில்லை. மலேசியாவிலிருந்து வந்த ஓர் இளம் தாய் நின்றார். முதல் சுற்றில் அவருக்கும் பாதி கிடைக்கவில்லை. உடனே எல்லோரும் மீண்டும் வரிசையில் நின்றார்கள், ஒருவரும் முணுமுணுக்காமல்.