கீழே இருந்த கையெழுத்து

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் சங்கத்துக்கு நான் செயலாளர். அங்கே சூளைக்காரர் ஒருவர், குழுவில் தொழிலாளர் சார்பாக உறுப்பினராகவும் இருந்தார். புருவம்வரை வெள்ளை மண் படிந்த மனிதர். பேனாவைத் தொடுமுன் கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்துக்கொள்வார். ஐம்பது வயதில் தபால்வழியில் பி.ஏ. வரலாறு படித்தார்.

எங்கள் கூட்டங்களில் முதலில் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, பிறகு வடை, டீ. மேலே விட்டிருக்கும் வெற்றிடத்தில் தீர்மானத்தை நான் அப்புறம் எழுதிக்கொள்வேன். அன்று எழுதவேண்டியதைத் தலைவர் காலையிலேயே சொல்லிவிட்டார்: சூளைக்காரரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டுத் தன் மச்சானை வைப்பது.

சூளைக்காரர் ஒன்றும் அறியாமல் கையெழுத்திட்டு, வடையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"சார், பரீட்சைக்கு ஒண்ணு கேக்கணும். இந்த எட்டாம் ஹென்றி ராஜாதானே? நெனச்சத செய்யலாமே. எதுக்கு மந்திரி, பார்லிமெண்ட்டு?"

"சபையே சொன்னதா ஆயிடும்ல. பழி ராஜா மேல வராது."

"அவரோட மந்திரி ஒருத்தர் தலையையே வெட்டிட்டாராமே?"

"ஆமாங்க. அவர ஒரு வார்த்தை கேக்கல. பார்லிமெண்ட்டுல சட்டம் போட்டே முடிச்சுட்டாங்க."

"அடப்பாவிங்களா! பக்கத்துல இருந்தவன் ஒருத்தனாவது காதுல போட்டிருக்கலாம் சார்."

சொல்லியிருக்க வேண்டிய நாக்கு டீயில் ஊறிக் கிடந்தது. டீ தீர்ந்தது. டம்ளரைக் கவிழ்த்தேன். சாயங்காலம் அவர் கையெழுத்துக்கு மேலே அந்தத் தீர்மானத்தை அழகாக எழுதினேன்.

மறுநாள் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கி வாசித்தார். 'ஒருமனதாக' என்ற இடத்தில் விரல் நின்றது.

"இதுல நானும் உண்டுங்களா சார்?"

கேலியா, நிஜமான சந்தேகமா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"உண்டுங்க" என்றேன்.