வடத்துக்குப் போட்ட மிக்ஸ்

எங்கள் குப்பத்தில் திருவிழாவின் கடைசி நாள் அம்மனைப் படகில் வைத்து, கோயிலிலிருந்து ஏரிக்கரை வரை மணலில் இழுப்பார்கள். சக்கரம் கிடையாது. வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைப் பாடிக்கொண்டே வடத்தை இழுக்க வேண்டும். வழியில் படகு நின்றால் கெட்ட சகுனம். உடனே பழிபோட ஆள் தேடுவார்கள்.

முன்னால் நின்று பாடுவது என் அண்ணன். மைக்செட் என் வீட்டுக்காரருடையது, பாட்டு கலந்து போடுவது நான். பொம்பளை டி.ஜே. என்று சிரித்தவர்கள் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடும்போது மட்டும் சிரிக்கவில்லை.

போன வருஷம் அம்பாவோடு மேல்நாட்டு ஆர்க்கெஸ்ட்ரா இசை ஒன்றைக் கலக்கப் போகிறேன் என்றேன். அண்ணன் கேட்டுப் பார்த்தான்.

"இன்னாமே இது, கப்பல் முழுவுற மாரி கீது."

"நீ பாட்றது மட்டும் இன்னா, தொலஞ்ச ஆட்ட கூப்புட்ற மாரி தான் கீது."

"படகு நின்னுச்சுனா அடுத்த வருசம் வேற ஊரு செட்டுனு பஞ்சாயத்துல சொல்ட்டாங்க. அப்பால என்னாண்ட வந்து அழுவாத."

வெறும் படகை வைத்து ஒத்திகை பார்த்தோம். அண்ணன் இரண்டு கட்டையில் எடுப்பான். ஆர்க்கெஸ்ட்ரா அரைக்கட்டை மேலே இருந்தது, இறக்கினேன். சுருதி சேர்ந்துவிட்டது. தாளத்தில்தான் மண்ணைக் கவ்வினேன். ஆர்க்கெஸ்ட்ரா ஒரே வேகத்தில் ஓடாது, இழுபடும், குறுகும். கலக்க வசதி என்று அதை லேப்டாப்பில் கடிகாரம் மாதிரி நேராக்கி வைத்திருந்தேன். வடம் இழுக்கிறவர்கள் கடிகாரம் இல்லை. ஒரு இழுப்பு, கை மாற்றிப் பிடிக்க ஒரு மூச்சு. படகு வேகம் எடுக்க எடுக்க அந்த மூச்சு குறையும். பாதிப் பேர் அண்ணனுக்கு இழுத்தார்கள், பாதிப் பேர் ஸ்பீக்கருக்கு. வடம் தொய்ந்து படகு நின்றது.

"போயி ரேடியோவ நிறுத்துமே," என்றான் வடம் பிடித்த ஒருத்தன். எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

நேராக்கியதையெல்லாம் கலைத்தேன். அண்ணன் பாடியதைப் பதிவு செய்து, ஒவ்வொரு இழுப்பிலும் வயலின்கள் எழும்புகிற மாதிரி ஒவ்வொரு இடமாகக் கையால் நகர்த்தி, அன்று அவன் எடுக்கும்போது தட்டிவிட வசதியாகத் துண்டு துண்டாக வெட்டி வைத்தேன். ஆவேசம் வந்தால் அவன் அரைக்கட்டை ஏறிவிடுவான் என்பதும் பதிவில் தெரிந்தது. அவனுக்கே அது தெரியாது.

திருவிழா அன்று படகு கரைக்கு முன்னால் இருக்கும் மணல் மேட்டுக்கு வந்தது. அங்கேதான் எப்போதும் திணறும். அண்ணன் குரல் ஏறியது. என் கை ஆர்க்கெஸ்ட்ராவையும் அரைக்கட்டை ஏற்றியது. டிரம்பெட்டுகள் உள்ளே வந்தன. அவன் மூச்சு விட்டபோது வயலின்கள் காத்திருந்தன, அவன் எடுத்தபோது எழுந்தன. வடம் ஒருமுறைகூடத் தொய்யவில்லை. படகு மேடேறி நேராகத் தண்ணீரில் போய்த்தான் நின்றது.

தொண்டை கட்டிப்போய் அண்ணன் வந்தான்.

"அந்த வயலின்காரனுங்க நம்ம ஆளுங்க மாரியே மூச்சு வுட்றானுங்கோமே."

"அவனுங்க எங்க வுட்டானுங்க? நான் வுட வெச்சேன்."

வேற ஊர் செட்டைப் பற்றி அதன் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.