பெயர் வெட்டுப்பட்ட மாத்திரை

தண்ணீர் லாரி ஓட்டிய நாட்களில் வீட்டில் நான் ஏன் அப்படி எரிந்து விழுந்தேன் என்று பிள்ளைகள் நீங்கள் கேட்டதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

மேடவாக்கம் அடுக்குமாடிகளுக்கு ஒரு நாளைக்கு ஏழெட்டு நடை. இடுப்பு விட்டுப்போனது. கூட ஓட்டிய ஒருவர் ஒரு மாத்திரை கொடுத்தார். வலி போன இடம் தெரியவில்லை. அதன் வெறும் அட்டையைப் பெருங்களத்தூர் மருந்துக்கடையில் காட்டினால் போதும். கடைக்காரம்மா கத்தரியால் இரண்டு வெட்டித் தருவார். டாக்டர் சீட்டு கேட்டதில்லை. நாளுக்கு இரண்டு என்பது பிறகு நான்காயிற்று.

ஒரு மதியம் சிக்னலில் ஸ்டியரிங்கிலேயே தலை சாய்ந்துவிட்டேன். பின்னால் அடித்த ஹார்னில்தான் விழித்தேன். எனக்கு முன்னால் ஒரு ஸ்கூல் வேன் நின்றிருந்தது. அது போனதே எனக்குத் தெரியவில்லை. இதை யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் கடைக்காரம்மா கையை விரித்துவிட்டார்.

"சீட்டு இல்லாம இனிமே குடுக்க முடியாதுண்ணா. ஆர்டர் வந்துகீது."

"இன்னாம்மா பேஜார் பண்ற? நேத்து வரிக்கும் குடுத்தியே!"

"நேத்து குடுத்ததே தப்புண்ணா. இன்னிக்கும் பண்ணச் சொல்றியா?"

கூடுவாஞ்சேரி வரை போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே பதில். சாயந்தரமே வியர்வை, நடுக்கம், மூக்கில் தண்ணீர். காய்ச்சல் என்று நினைத்தேன். சின்னவனின் ஜாமெட்ரி பாக்ஸை விசிறியடித்தது அன்றுதான்.

மறுநாள் உங்கள் அம்மா என்னை டாக்டரிடம் இழுத்துப் போனாள். அட்டைத் துண்டை மேஜையில் வைத்தேன்.

"இதுல பேரே இல்லையே. எதைச் சாப்பிட்டீங்க?"

வெள்ளை மாத்திரை என்றேன். எட்டு மாதம் விழுங்கியதற்கு அவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது.

உங்கள் அம்மா பையிலிருந்து ஒரு பவுடர் டப்பாவை எடுத்துக் கொட்டினாள். துவைக்கும்போது என் சட்டைப் பையில் கிடைத்த துண்டுகள், அத்தனையும். "கேட்டா கத்துவாரு டாக்டர். அதான் சேத்து வெச்சேன்." ஒரு துண்டில் பாதி எழுத்து, இன்னொன்றில் மீதி. இரண்டு பேரும் பொருத்திப் பார்த்துப் பெயரைப் படித்தார்கள்.

"அபின் வகை வலி மாத்திரை இது. உடம்பு பழகிடுச்சு. இதைப் போட்டுக்கிட்டா லாரி ஓட்டுனீங்க?"

அப்போதுதான் ஸ்கூல் வேன் விஷயத்தைச் சொன்னேன். உங்கள் அம்மா திட்டவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பட்டென்று நிறுத்தக் கூடாது என்று டாக்டர் வாரா வாரம் அளவைக் குறைத்துச் சீட்டு எழுதினார். மாத்திரை முழுசாக நிற்கும்வரை லாரி கிடையாது. தண்ணீர் பிடிக்கும் இடத்தில் குழாய் திறந்து மூடுகிற வேலை. இடுப்பு இன்றும் குளிருக்கு இழுக்கும். பரவாயில்லை.

கடைசிச் சீட்டோடு அதே கடைக்குப் போனேன். அந்தம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாண்ணா, வெறும் எக்சர்சைஸ்தான் எழுதிகீது. மாத்திரையே இல்லையே!"

"அதைக் காட்டத்தாம்மா வந்தேன்."

சிரித்துவிட்டார். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. மறுநாள் காலை லாரிச் சாவியைத் திரும்ப வாங்கினேன். அதே சிக்னலில் ஒரு ஸ்கூல் வேன் முன்னால் நின்றது. அது நகர்ந்ததைப் பார்த்த பிறகுதான் கியர் போட்டேன்.