எங்கள் சலூனின் ஆளுயரக் கண்ணாடி

பழைய சாமான்களைப் பெட்டிக்குள் பூட்டி, முன்னால் கயிறு கட்டி, தொடாதே என்று பலகையும் மாட்டி வைக்கிறார்களே, அதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். எங்களிடமும் ஒரு பழம்பொருள் இருந்தது. அதன் முன்னால் உட்கார்ந்துதான் மட்டாஞ்சேரியில் பாதிப் பேர் சவரம் செய்துகொண்டார்கள். சோப்பு நுரை தெறித்தது, சீப்பு இடித்தது, பீடிப் புகை பட்டது. அது பாட்டுக்கு நின்றது. அதை வாங்கியவள் நான். சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. கல்யாணமாகி வந்தபின் யாரையும் கேட்காமல் நான் எடுத்த முதல் முடிவு அதுதான்.

பஜாருக்குப் போகிற வழியில் என் வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்தார். முன்னால் கடை, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த அறையும் அடுப்படியும். அவர் கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நான் திண்டுக்கல் பக்கம். மலையாளம் கலந்து அவர் பேசுவது முதல் ஒரு வருஷம் எனக்குப் பாதிதான் புரிந்தது. புரியாத பாதிக்கும் சேர்த்துச் சண்டை போட்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் யூதர் தெருக்களில் குடும்பம் குடும்பமாக இஸ்ரேலுக்குக் கப்பலேறத் தொடங்கினார்கள். கொண்டுபோக முடியாத சாமான்களெல்லாம் வாசலுக்கு வந்தன. என் வீட்டுக்காரர் வீட்டுக்கே போய் முடிவெட்டிவிடுகிற ஒரு பெரியவரும் அவர்களில் ஒருவர். கடைக்கு நல்ல நாற்காலி கிடைக்கும் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார். அன்றைக்குக் கடையில் கூட்டம். அதனால் நாற்காலிக்கு உண்டான காசைக் கொடுத்து என்னைப் போகச் சொன்னார் இவர்.

நாற்காலி இருந்தது. நான் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குப் பக்கத்தில் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள், ஓர் ஆளுயரக் கண்ணாடி. கறுத்த மரச்சட்டம், சுற்றிலும் திராட்சைக் கொடி. ஒவ்வொரு பழத்தையும் தனித்தனியாக, விரல் நுனியால் உருட்டிப் பார்க்கலாம் போலக் குடைந்திருந்தார்கள். தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"ஈட்டியாணு மோளே. நல்ல ஒண்ணாந்தரம் ஈட்டி" என்றார் பெரியவர்.

எங்கள் ஊரில் ஈட்டி என்றால் குத்துகிற ஈட்டி. இதில் எங்கே ஈட்டி என்று நான் சட்டத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மூட்டை தூக்க வந்து நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தோதகத்தி மரத்தைத்தான் இந்த ஊரில் ஈட்டி என்கிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

அவர்கள் சிரித்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நேராக அதன் முன்னால் போய் நின்றேன். அதுவரை நான் என்னைக் கழுத்துவரைதான் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் கடையிலும் இருந்த கண்ணாடிகள் அவ்வளவுதான் காட்டும். இங்கே தலை முதல் கால்வரை ஒரு பெண் நின்றாள். நான் நினைத்திருந்ததைவிட உயரமாக இருந்தாள். நன்றாகவும் இருந்தாள். கையில் இருந்த காசை அப்படியே பெரியவரிடம் நீட்டினேன்.

எதற்கு என்று கேட்டார். கடைக்கு என்றேன்.

"அது நல்லதாணு. ஆளுகள் நோக்கட்டே" என்றார். காசை எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஒரு தடவைகூட அவர் அந்தக் கண்ணாடிப் பக்கம் திரும்பவில்லை. அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போது நினைத்தால் மனசு கனக்கிறது. அன்றைக்கு எனக்கு வீடு போய்ச் சேருகிற அவசரம்.

கைவண்டியில் பழைய சாக்குகளை மெத்தையாகப் பரப்பி அதை நிறுத்திக் கட்டினார்கள். நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டே நடந்தேன். வழியெல்லாம் தெரு அதற்குள் வந்து போனது. சுக்கு மூட்டைகளும் ஓட்டுக் கூரைகளும் உள்ளே ஆடிக்கொண்டு போயின. ஓர் ஆடு தன்னையே பார்த்து முட்ட வந்தது. அதை விரட்டினேன்.

என் வீட்டுக்காரர் கத்தியைக் கையில் பிடித்தபடி வாசலுக்கு வந்தார்.

"நாற்காலி எவிடெ?"

"இந்தா."

"இதுல ஆளு இருக்குமா?" உட்காருவதைத்தான் அவர் இருக்கிறது என்பார்.

"ஆளுக உள்ளே இருப்பாங்க" என்றேன். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. அன்றைக்குச் சாப்பாடு முடிகிறவரை என்னுடன் பேசவில்லை. கண்ணாடியைச் சுவரோடு சேர்த்து ஆணியடித்து நிறுத்தும்போது மட்டும், "மெள்ள, மெள்ள" என்று என்னைவிடப் பதறினார்.

அதில் ஒரு குறை இருந்தது. மேல் மூலையிலும் நடுவில் ஓரிடத்திலும் ரசம் போய்க் கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. நாற்காலியில் உட்கார்ந்தால் நடுப்புள்ளி சரியாக வலது கன்னத்தில் வந்து நிற்கும். முதல் நாள் வந்த ஒருவர் சவரம் முடிந்தும் எழுந்திருக்க மாட்டேன் என்றார். இவிடெ இன்னும் பாக்கியிருக்கு, இவிடெ இன்னும் பாக்கியிருக்கு என்று கன்னத்தைக் காட்டினார். என் வீட்டுக்காரரும் மறுபடி மறுபடி மழித்தார். கன்னம் சிவந்த பிறகுதான் இரண்டு பேருக்கும் விஷயம் விளங்கியது. அப்புறம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டோம்.

பிறகு ஒரு கண்ணாடிக் கடைக்காரர் வந்து, சட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதுக் கண்ணாடி போட்டுத் தருகிறேன், பளபளவென்று இருக்கும் என்றார். பழசை அவரே எடுத்துக்கொள்வாராம். எவ்வளவு நல்ல மனசு! போய் வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். புதுக் கண்ணாடி முகத்தில் இருக்கிற பருவையும் பள்ளத்தையும் முதலில் காட்டும். இதில் வெளிச்சம் அடங்கி விழும். மூட்டை சுமந்து களைத்து வருகிறவன் முகம்கூட இதில் சாந்தமாகத் தெரியும். அந்தக் குணம் பழகிப் பழகி வருவது. கடையில் புதிதாக வாங்க முடியாது.

செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை. அன்றைக்குத்தான் நான் திரையைத் தாண்டி முன்னால் வருவேன். சலூனுக்குள் பெண்கள் வருகிற வழக்கம் அப்போது இல்லை. விபூதியைத் தொட்டுப் பழைய வேட்டித் துணியால் கண்ணாடியைத் துடைப்பேன். கொடிக்கும் பழத்துக்கும் இடையில் இருக்கும் தூசிக்கு, தேய்ந்துபோன சவரப் பிரஷ். அதைப்போல் மெதுவாகத் தூசி எடுக்கிற சாமான் வேறு கிடையாது. மரத்துக்கு ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். தண்ணீர் பீய்ச்சுகிற குப்பியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். எல்லாம் முடிந்ததும் கொஞ்ச நேரம் அதன் முன்னால் நிற்பேன். அது என் கூலி.

கண்ணாடி வந்தபின் கடைக்கு வருகிறவர்கள் மாறிப்போனார்கள். பஜாரில் மூட்டை தூக்குகிற ஒருவர் நாற்காலியிலிருந்து எழுந்து தன்னை முழுசாகப் பார்த்துவிட்டு, தான்தானா என்று நம்பமாட்டாமல், "இது ஞானாணோ?" என்று கேட்டார். அடுத்த முறை வெளுத்த முண்டு கட்டிக்கொண்டு வந்தார். அப்புறம் மாப்பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முதலில் வந்தது நிக்காஹ் நாளன்று தொப்பியைச் சரிபார்க்க வந்த பக்கத்துத் தெருப் பையன். பிறகு பள்ளுருத்தியிலிருந்து இரவல் கோட்டுப் போட்ட கிறிஸ்தவ மாப்பிள்ளை. சுள்ளிக்கல்லிலிருந்து ஒருவர் மாலையும் கழுத்துமாகவே வந்து நின்றார். வேறு கடையில் சவரம் செய்துகொண்டவர்கள்கூடக் கல்யாணத்தன்று காலையில் எங்கள் கடைக்கு வந்து ஒருமுறை நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். என் வீட்டுக்காரர் அவர்களிடம் காசு வாங்கமாட்டார். திரைக்குப் பின்னால் குழம்பு கொதிக்கும். நான் கரண்டியைப் பிடித்தபடி இடுக்கு வழியாகப் பார்த்துப் பூரித்துப் போவேன்.

இப்படிச் சில வருஷம் போனது. அறுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் கடைக் கட்டடத்தின் முதலாளி வீட்டில் கல்யாணம் வந்தது. அவர் மிளகு வியாபாரம் செய்கிற தமிழர். ஒரே பெண். அந்தப் பெண் தன் அண்ணன்மார் பேசக் கேட்டு, எனக்கும் அந்தக் கண்ணாடியில் பார்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்திருக்கிறாள். முதலாளியின் கணக்கப்பிள்ளை கடைக்கு வந்தார். நான் திரைக்குப் பின்னால் அரிசி களைந்துகொண்டிருந்தேன். அவர் என் வீட்டுக்காரரிடம் சொன்னது அங்கே கேட்டது.

"கண்ணாடியைக் கழற்றி முதல் நாளே வீட்டுக்கு அனுப்பிடு. கல்யாணம் கழிஞ்சு திருப்பித் தருவாங்க. மாப்பிள்ளைக்குச் சவரம் பண்ண நீ பின்வாசல் வழியா வந்தாப் போதும். பொண்ணு புறப்படற நேரம் முன்னால வந்து நிக்காதே, கேட்டியா?"

வெளியார் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எங்கள் தொழில்காரர் எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று அந்தக் காலத்தில் திரும்பி வீட்டுக்குள் போய்விடுவார்கள். தண்ணீர் குடித்து, சற்று உட்கார்ந்து, பிறகுதான் மறுபடி கிளம்புவார்கள். யாராவது பட்டு உடுத்தி எதிரே வருவது தெரிந்தால் என் வீட்டுக்காரர் தானாகவே சந்துக்குள் ஒதுங்கிவிடுவார். மழைக்குக் குடை விரிக்கிறமாதிரி அவருக்கு அது பழகியிருந்தது. எனக்குப் பழகவே இல்லை.

அவர் தலையை ஆட்டிச் "சரி" என்று சொன்னது என் காதில் விழுந்தது. அரிசியைப் போட்டுவிட்டு, ஈரக் கையோடு திரையை விலக்கி வெளியே வந்தேன். நாற்காலியில் ஒருவர் பாதிக் கன்னம் நுரையோடு உட்கார்ந்திருந்தார்.

"கண்ணாடி எங்கேயும் வராது" என்றேன். "மாப்பிள்ளைக எல்லாம் இங்க வந்து நின்னு பார்த்துட்டுத்தான் போறாங்க. பொண்ணுக்கும் பார்க்கணும்னா இங்க வரட்டும். முன்வாசல் திறந்துதான் இருக்கு."

கணக்கப்பிள்ளை விறுவிறுவென்று படியிறங்கினார். நுரைக் கன்னக்காரர், "சேச்சி பறஞ்ஞது நேராணு" என்று என் பக்கம் பேசினார்.

அவர்கள் போனபின் என் வீட்டுக்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீ எதுக்கு வாயைத் திறந்து மிண்டினே? கடை அவங்களோடது. நாளைக்கு இறங்குன்னு சொன்னா எவிடெ போறது? ஒரு கண்ணாடிக்கு வேண்டி கடையைக் களையணுமா?"

"கண்ணாடிக்காக இல்லை. உங்களைப் பின்வாசல்ல வரச் சொன்னாரே, அதுக்காக."

அவர் கத்தியை எடுத்தார். தோல்வாரில் தீட்டினார். தீட்டித் தீட்டி, தேவைக்கு மேலேயே தீட்டினார்.

எனக்கும் பயம்தான். மாப்பிள்ளைக்குச் சவரம் செய்யப் பள்ளுருத்தியிலிருந்து வேறு ஆளை ஏற்பாடு செய்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது, கடை போயிற்று என்றே நினைத்தேன். ஊருக்குத் திரும்பிப் போகவேண்டி வந்தால் என்ன சொல்வது என்றுகூட யோசித்து வைத்தேன். ஆனால் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்க மனசு இடம் கொடுக்கவில்லை. கடையைக் காலி செய்யச் சொல்லி யாரும் வரவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வந்தது வேறு.

கல்யாணத்தன்று காலை அவர் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார். ஒரு கறுப்புக் கார் வந்து நின்றது. முன் இருக்கையில் முதலாளியின் மனைவி, எங்கள் பக்கம் திரும்பாமல் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பின்கதவைத் திறந்துகொண்டு அரக்குப் பட்டில் அந்தப் பெண் இறங்கினாள். தயங்காமல் கடைக்குள் ஏறி வந்தாள்.

"அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. பார்க்காம மணவறையில உட்கார மாட்டேன்னு சொல்லிட்டேன்" என்றாள் என்னிடம்.

அவள் கண்ணாடி முன்னால் நின்றாள். எல்லாரும் முதலில் முகத்தைப் பார்ப்பார்கள். அவள் காலில் இருந்து தொடங்கி மெதுவாக மேலே வந்தாள். கொசுவம், ஒட்டியாணம், கழுத்து, முகம். முகத்துக்கு வந்ததும் நெற்றிச்சுட்டியை நேராக்கிக்கொண்டாள். கறுத்த திராட்சைக் கொடிக்கு நடுவில் அந்த அரக்குப் பட்டு! அந்தக் கண்ணாடி அத்தனை வருஷமும் இவளுக்காகத்தான் காத்திருந்ததோ என்று எனக்குத் தோன்றியது.

"பின்னால சடை எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டாள்.

நான் பதில் சொல்வதற்குள் என் வீட்டுக்காரர் மூலையிலிருந்து வந்துவிட்டார். கையில் சின்னக் கண்ணாடி. முடிவெட்டி முடித்ததும் பிடரியைக் காட்டுவதற்காக எல்லாருக்கும் பிடிப்பாரே, அதேபோல அவள் பின்னால் நின்று பிடித்தார். பூ வைத்துத் தைத்த சடை முழுவதும் பெரிய கண்ணாடிக்குள் தெரிந்தது. "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்ணே" என்றாள் அவள். அவர் நகர்த்தினார். எனக்கு அழுகை வந்துவிட்டது, பெருமையில்தான்.

வெளியே ஹாரன் அடித்தது. அவள் புறப்படுகிறாள் என்று தெரிந்ததும் அவருக்குப் பழைய வழக்கம் வந்துவிட்டது. சட்டென்று திரைப் பக்கம் ஒதுங்கப் பார்த்தார். நான் அவருடைய சட்டையைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வாசலுக்கு நேரே, அவள் எதிரிலேயே நின்றார். காரில் இருந்த அம்மா இப்போது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "போயிட்டு வரேன் அண்ணே."

நல்ல காரியத்துக்குப் புறப்படுகிற ஒருவர் அவரிடம் விடைபெற்றது அதுதான் முதல் தடவை. என்ன சொல்லி வாழ்த்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் கடையை விட்டு இறங்குகிற எல்லாரிடமும் சொல்வதையே அவளிடமும் சொன்னார்.

"சரி. அடுத்த மாசம் வாங்க."