பத்மநாதன் அண்ணன் பழுதாக்காத பதிவு

பத்மநாதன் அண்ணன் காலமாகிவிட்டார் என்ற செய்தி வந்தபோது நாவற்குடாவில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். முதலில் வந்தது அழுகை அல்ல, எரிச்சல். இன்னும் ஒரு மாதம் இருந்திருக்கக் கூடாதா இந்த மனிசன் என்ற எரிச்சல். "அடுத்த மாசம் கட்டாயம் போறன் அண்ணன்" என்று அவருக்கு நான் சொல்லி இரண்டு கிழமைகூட ஆகவில்லை.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மட்டக்களப்பு நகரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர். சுனாமிக்கு அடுத்த வருடம், கரையோரத்து மக்கள் பட்டதை அவரவர் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்வதற்கு ஒரு சிறு அமைப்பு நாவற்குடாவில் வீடொன்றை வாடகைக்கு எடுத்தது. ஒரு கொம்பியூட்டர், ஒரு மேசை மைக். அவ்வளவுதான் கலையகம். அண்ணன் பதிவாளர். கேள்வி கேட்பதும் பிறகு பதிவைக் கேட்டு எழுதுவதும் என் வேலை.

செத்த வீட்டில் பழைய அலுவலகத்துக்காரர் நாலைந்து பேர் பந்தலுக்குள் இருந்தோம். பேச்சு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அங்கேயே போயிற்று. "சத்தம் சத்தமெண்டு நம்மள வதைச்ச மனிசன், கடைசியில கனகம்மாட பதிவ அவர்தானே கெடுத்தவர்" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. அன்று திறக்காத வாயைத்தான் இங்கே திறக்கிறேன்.

வதைத்தார் என்பது உண்மைதான். ஃபேனை நிறுத்துவார். குளிர்சாதனப் பெட்டியின் வயரைப் பிடுங்குவார். கொம்பியூட்டர்ப் பெட்டியை மேசையிலிருந்து இறக்கி எட்டத்தில் வைத்து, மைக்கின் அடியில் நான்காக மடித்த துவாயை வைப்பார். ஜன்னலுக்குப் படுக்கை விரிப்பு கட்டுவார். ஒருநாள் பக்கத்து வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கிறதென்று வேலியடிக்குப் போய் நிறுத்தச் சொன்னார். "என்னகா இது, உங்கட கொம்பியூட்டருக்காக நாங்க பட்டினி கிடக்கவா?" என்று அந்த அக்கா அகப்பையோடு வந்துவிட்டார். அண்ணன் அசையவில்லை. துருவி முடியும்வரை அரை மணித்தியாலம் எல்லோரும் வியர்த்துக்கொண்டு இருந்தோம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சத்தத்த எடுக்கிறதுக்குக் கொம்பியூட்டருக்குள்ளயே வழி இரிக்குதானே?" என்று கேட்டேன். "வந்த சத்தத்த எடுக்கிறது கடைசி வழி. வராமப் பண்ணுறதுதான் நம்மட வேலை. மைக்க வாய்க்குக் கிட்டக் கொண்டு போ, பாதிச் சத்தம் தன்பாட்டில குறையும்" என்றார்.

அந்தக் கடைசி வழிக்கும் அவர் ஆயத்தம் செய்துதான் வைப்பார். பேச்சுத் தொடங்குமுன் பத்து விநாடி யாரும் பேசாமல் இருக்க வேண்டும். அறையின் வெறும் இரைச்சல் மட்டும் பதிவாகும். அதை மாதிரியாகக் காட்டினால் கொம்பியூட்டர் அதே இரைச்சலை முழுப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். ஆனால் வருகிறவர்களிடம் "பத்து செக்கன் அமைதியா இருங்க" என்று சொன்னால் என்ன நடக்கும்? அந்த வருடம் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் முதலில் மௌன அஞ்சலிதான். கதிரையை இழுத்துத் தள்ளிவிட்டு எழுந்து, தலை குனிந்து நிற்பார்கள். சிலர் விம்முவார்கள். உட்காருங்கள் என்று சொல்ல யாருக்கு மனம் வரும்? மாதிரி பழுதாகும். அண்ணன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அவரும் எழுந்து நிற்பார்.

குருக்கள்மடம் கிராமத்திலிருந்து கனகம்மா வந்த அன்றும் அதுதான் நடந்தது. ஆறு வயது இளைய மகனைக் கடலுக்குக் கொடுத்தவர். கதிரையில் இருந்ததும் முதலில் சொன்னது, "ஒருக்காத்தான் சொல்லுவன். மறுகா கேக்கப்படாது." சொன்னார். நடுவில் நிறுத்தினார். திரும்பவும் சொன்னார். அண்ணன் ஹெட்போனுக்கு மேல் துவாயைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொழும்புக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதிவுகள் போக வேண்டும்.

வியாழக்கிழமை அண்ணன் வரவில்லை, காய்ச்சல். பதிவில் கொம்பியூட்டர் இரைந்தது, வெளியே காகம் கத்தியது. நானே சுத்தம் செய்யலாம் என்று உட்கார்ந்தேன். தொடக்கத்தில் கதிரைச் சத்தம், அதனால் கனகம்மா நடுவில் நிறுத்திய இடத்தை மாதிரியாக எடுத்தேன். அவர் அங்கே பேசாமல் இருக்கவில்லை. வாய்க்குள் முனகிக்கொண்டிருந்திருக்கிறார். கவனிக்க எனக்கு எங்கே பொறுமை? அவருடைய குரலையே இரைச்சல் என்று கொம்பியூட்டருக்குக் காட்டி, ஒன்றுக்கு மூன்று தடவை கழிக்கச் சொல்லி, பழைய பதிவின் மேலேயே சேமித்தேன். வேறு பிரதி இல்லை.

பேசியவர்களுக்கு ஒரு சீடி கொடுப்பதாக வாக்கு. அடுத்த கிழமை அண்ணனும் நானும் குருக்கள்மடத்துக்குக் கொண்டு போனோம். போட்டோம். கனகம்மா கொஞ்ச நேரம் கேட்டார். "இது நான் இல்லையே. தண்ணிக்குள்ள இருந்து ஆரோ கதைக்கிற மாதிரி இரிக்கே" என்றார். முகம் வெளிறிவிட்டது. "ஆர் இப்பிடிச் செய்தது?"

நான் வாய் திறக்குமுன் அண்ணன் சொன்னார்: "நான்தான் அம்மா. என்ட கைப்பிழை."

திரும்பும் பஸ்ஸில் என்னை ஏசினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "உன்னக் காப்பாத்த இல்லடா சொன்னது! அவ இனிமேல் சொல்லுறதெண்டா கேக்கிறவன நம்போணும். மிஷின் புடிக்கிறவன நம்பாட்டிப் பறவாயில்ல. மைக் வேணாம். ஒரு கொப்பியோட நீ போ. அவட மனசு ஆறினாப் பிறகு போ." அலுவலகத்துக்கு வந்து, திருப்பிக் கொண்டு வந்த சீடியின் உறையில் 'பதிவாளரின் தவறால் பழுதடைந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். பொறுப்பாளர் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கிழித்தார். நான் கோப்பு ஒன்றைப் புரட்டிக்கொண்டு நின்றேன்.

நான் போகவில்லை. முதலில் வெட்கம். பிறகு நாட்டில் சண்டை திரும்பவும் தொடங்கியது, வழியெல்லாம் இராணுவச் சோதனை. அது நல்ல சாட்டு. காணும்போதெல்லாம் அண்ணன் கேட்பார், "போனியா?" சண்டை முடிந்த வருடம் கடை வாசலில் மறித்து, "இனி என்னடா சாட்டு?" என்றார். அதற்குப் பிறகும் எத்தனை வருடம் சாட்டுச் சொன்னேன்! என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

அவரைச் சுடலைக்கு எடுத்துப் போன மூன்றாம் நாள் குருக்கள்மடத்துக்குப் போனேன். கனகம்மா தளர்ந்துவிட்டார். நடந்ததைச் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன்.

"அவர் செய்ததெண்டு நான் நம்பவே இல்ல மனே. நான் கதைக்கக்குள்ள மூச்சும் விடாமக் கேட்ட மனிசன் அது" என்றார். பிறகு, "அவர் இருக்கக்குள்ள வந்து சொல்லியிருக்கலாமே" என்றார். கொப்பியை விரித்தேன்.

ஒருக்காத்தான் என்றவர் மறுபடியும் சொன்னார். நான் எழுதினேன். மகனைப் பிடித்ததைச் சொல்லும் இடத்தில் நின்றுவிட்டார். "கை வழுகிற்று. சட்டையத்தான் புடிச்சன். என்ன நிறச் சட்டை…" நெற்றியைத் தேய்த்தார். "ஞாபகம் வரமாட்டனெண்டுது மனே. படமும் இல்ல, எல்லாம் தண்ணியோட போயிற்று. அண்டைக்கு நான் சொன்னனான். உங்கட பதிவில இரிக்கும். கேட்டுச் சொல்லுறியா?"

அன்று அந்த மேசையில் நானும்தான் இருந்தேன். எனக்கு நினைவில்லை. நினைவிருந்திருக்கக்கூடிய ஒரே ஆளை மூன்று நாளுக்கு முன்தான் எரித்துவிட்டு வந்தோம்.

அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சீடியும், உறையில் அவர் எனக்காக எழுதிய பொய்யும்தான். பொய்யை வெட்டிவிட்டு என் பெயரை எழுதியிருக்கிறேன். அது சுலபமான வேலை. பதிவை நேற்றும் கேட்டேன், இன்று காலையும் கேட்டேன். 'சட்டை' என்பது கேட்கிறது. அதற்கு முன்னால் உள்ள சொல் கேட்கவில்லை.