பேடி என்றொரு சொல்

கல்யாணமாகி மட்டாஞ்சேரிக்கு வந்த புதிதில் எனக்கு மலையாளம் தெரியாது. வாய் மட்டும் காது வரைக்கும் உண்டு. என் கணவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். கொச்சங்காடியில் ஒரு மிளகு குடோனில் வேலை. மூட்டைகளோடு பேசச் சொன்னால் பேசுவார், மனிதர்களோடு மாட்டார். சாயாக் கடையில் சர்க்கரை வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு, பாகு மாதிரி குடித்துவிட்டு வருவார்.

என் தம்பி கல்யாணத்துக்குத் திருநெல்வேலி கிளம்பும்போது, சட்டைப் பித்தானைப் பிடித்தபடி நின்றவர், "பேடியாக்கும் எனக்கு" என்றார். எங்கள் ஊரில் பேடி என்றால் ஆண்மையில்லாதவன். யாரையாவது அப்படிச் சொன்னால் அரிவாளைத் தூக்கிவிடுவார்கள். இவர் தானே சொல்லிக்கொள்கிறாரே என்று எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"அது எனக்கு எப்பவோ தெரியுமே!"

பித்தானை விட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

ஆனால் கல்யாண வீட்டில் ஆளே மாறிப்போனார். மாமாக்களோடு உட்கார்ந்து கலகலவென்று பேசினார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதன்பிறகு எந்த விசேஷத்திலும் அப்படித்தான். கிளம்புமுன் பத்து நிமிடம் மொட்டை மாடிக்குப் போய்வருவார். நான் ஏன் என்று கேட்டதே இல்லை.

இரண்டு வருடம் கழித்து, துவைக்கப் போட்ட சட்டையில் கஞ்சாப் பொட்டலம் கிடைத்தது. தெருவே கேட்கக் கத்தினேன்.

"அத இழுத்தாத்தான் நாலு பேரு மொகத்த நோக்க முடியறது. இல்லேன்னா நெஞ்சு கிடந்து அடிக்கும்" என்றார்.

"டாக்டர்ட்ட போவோம்."

"டாக்டர்ட்ட பேசணுமே."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

அந்த வாரம்தான் படகுத்துறையில், நாயைப் பார்த்து அழுத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒரு அம்மா "பேடிக்கண்டா மோளே" என்றாள். பயப்படாதே மகளே என்று. அத்தனை நாள் இந்த ஊரில் இருந்தும் எனக்கு அன்றுதான் உறைத்தது. பயமாயிருக்கிறது என்று உலகத்திலேயே என் ஒருத்தியிடம்தான் சொல்லியிருக்கிறார், பாவி நான் சிரித்திருக்கிறேன்.

படகை விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். மன்னிப்புக் கேட்க வேண்டும், டாக்டரிடம் நானே கூட வந்து பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, விசேஷம் எதுவும் இல்லை. அவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். கண் சிவந்திருந்தது, சட்டையில் அந்த வாடை.

"இன்னைக்குத்தான் யாரும் வரலையே, எதுக்கு?" என்றேன்.

என் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே சொன்னார்:

"நீ வருவியல்லோ."