நாலு நட்சத்திரங்களைக் காணோம்

எங்கள் வீட்டில் பயப்படுகிற இலாகா முழுவதும் என் பொறுப்பு. கரப்பான்பூச்சி, மின்வெட்டு, தெரியாத எண்ணிலிருந்து வரும் அழைப்பு, எல்லாவற்றுக்கும் நான்தான் பயப்படுவேன். என் மனைவிக்கு அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் பயந்து நான் பார்த்தது போன ஞாயிற்றுக்கிழமைதான். அன்றிலிருந்து இருவரும் பங்கு போட்டுக்கொண்டு பயப்படுகிறோம்.

அவள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்ன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கிறவள். அங்கே வருகிறவர்கள் அவளை ‘எக்ஸ்ரேம்மா’ என்பார்கள். எங்கள் அடுக்குமாடியில் அவள் ‘நட்சத்திரக்காரி’. மூன்று வருடத்துக்கு முன்னால், கல்யாணப் படம் எடுக்கும் ஒருவர் தொழிலை விட்டபோது அவருடைய பழைய கேமராவை வாங்கினாள். மொட்டை மாடியில், காயப்போட்ட போர்வைகளுக்கு நடுவே முக்காலியை நிறுத்தி வானத்தைப் படம் பிடிக்கத் தொடங்கினாள். பகலெல்லாம் கறுப்பில் வெள்ளையைத் தேடுகிறவள், ஓய்வு நேரத்திலும் கறுப்பில் வெள்ளையையே தேடினாள். ‘வேலையை வீட்டுக்குக் கொண்டு வராதே’ என்று நான் கேலி செய்வேன். வானத்தின் ஒரே மூலையை நூறு தடவை எடுப்பாள். என்னை இத்தனை வருடத்தில் பத்துத் தடவை எடுத்திருந்தால் அதிகம்.

அந்தப் படங்களில் ஒரு தொல்லை உண்டு. இருட்டில் எடுப்பதால், கறுப்பு முழுவதும் மணலை வாரித் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக இருக்கும். கேமரா விற்கிறவர்கள் அதை ‘நாய்ஸ்’ என்பார்கள், அவள் ‘மணல்’ என்பாள். நூறு படத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மணல் குறையும், ஆனால் போகாது. மிச்சத்தைத் துடைக்க ஒரு மென்பொருள் வேண்டும். எங்கள் வரும்படிக்குள் அடங்குகிற மென்பொருள் எது என்பதுதான் போன மாதம் முழுக்க எங்கள் வீட்டுப் பேச்சு.

அவளுடைய தம்பி கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். அவன் ஒரே வரியில் முடித்துவிட்டான்.

“எதுக்குக்கா காசு குடுத்துக்கிட்டு? பூட்டை உடைச்ச காப்பி எங்கிட்ட இருக்கு. சும்மாவே போட்டுத் தர்றேன்.”

“பூட்டை உடைச்சவன் அதுக்குள்ள வேற என்னத்த வச்சிருக்கானோ. எனக்கு வேணாம்டா.”

“மாமா, நீங்களாவது சொல்லுங்க.”

நான் என்னத்தைச் சொல்ல? போலீஸ் வந்துவிடும் என்று எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவன் போன பிறகு அவள் மூன்று மென்பொருளை எடுத்து வைத்தாள். ஒன்று முழுக்க இலவசம், ஆனால் கற்றுக்கொள்வதற்குள் தாவு தீர்ந்துவிடும். இன்னொன்று ஒரே தடவை விலை. மூன்றாவதற்கு வீட்டு வாடகை மாதிரி மாதாமாதம் கட்ட வேண்டும், ஒரு பொத்தானைத் தட்டினால் எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். மூன்றையும் பதினைந்து நாள் சோதித்துப் பார்க்கலாம் என்றிருந்தது.

ஞாயிறு மதியம் சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் கணினியை வைத்தாள். ஒரே படத்தை மூன்றுக்கும் கொடுத்தாள். வந்ததை வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டாள்.

“எது நல்லா இருக்கு?”

எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மாத வாடகை கேட்ட மென்பொருளின் படம் பட்டுத்துணி போல வழவழவென்று இருந்தது. மற்ற இரண்டிலும் கொஞ்சம் மணல் மிச்சமிருந்தது. நான் வழவழப்பைக் காட்டினேன்.

“அழகாத்தான் இருக்கு,” என்றாள். அப்புறம் அசல் படத்தைத் திறந்து, மூலையில் ஒரு சின்னச் சதுரத்தைப் பெரிதாக்கி எண்ணினாள். பதினொன்று. வழவழப்பான படத்தில் அதே சதுரத்தை எண்ணினாள். ஏழு. மறுபடியும் எண்ணினாள்.

“நாலு நட்சத்திரத்தைக் காணோம்.”

“மங்கலா இருந்ததா?”

“ஆமா. மங்கலா இருந்ததால மணல்னு நினைச்சுத் துடைச்சிருச்சு.”

“அது மணல் இல்ல, நட்சத்திரம்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?” விதண்டாவாதத்துக்காகத்தான் கேட்டேன்.

“வேற வேற நாள்ல, கேமராவைத் துளி நகர்த்தி வச்சு எடுக்கணும். ஒரு படத்துல மட்டும் இருந்தா அது மணல். படத்துல அதே இடத்துல அசையாம நின்னா கேமராவுல ஒட்டின தூசு. வானத்தோட சேர்ந்து நகர்ந்தாத்தான் நட்சத்திரம். இந்த நாலும் நகர்ந்திருக்கு.”

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். கை மவுஸின் மேலேயே இருந்தது. திரையைத்தான் பார்த்தாள், ஆனால் திரையில் இருந்ததைப் பார்க்கவில்லை. பிறகு எழுந்து போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவ ஆரம்பித்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது எனக்காகவே சொன்ன பழமொழி. ஆனால் அன்றைக்கு அரண்டவன் நான் இல்லை.

“என்னாச்சு?”

“கிளினிக்ல அதை எழுபதுல வச்சது நான்தான்.”

கிளினிக்கில் இருப்பது பழைய இயந்திரம். நெஞ்சுப் படம் மணல் மணலாக வரும். புதிது வாங்க வசதியில்லை. நாலு மாதத்துக்கு முன்னால், கிளினிக்கை நடத்தும் பெரிய டாக்டர் இவளைக் கூப்பிட்டு, “வானத்தையே சுத்தம் பண்றவ, இதைச் சுத்தம் பண்ண மாட்டியா?” என்று கேட்டிருக்கிறார். படம் பார்க்கும் மென்பொருளிலேயே மணலைக் குறைக்க ஒரு கோடும் அதில் நகரும் ஒரு குமிழும் உண்டு. அதுவரை பூஜ்யத்தில் இருந்தது. இவள் எழுபதுக்கு நகர்த்தினாள். படம் பளிச்சென்று ஆகிவிட்டது. டாக்டருக்குப் பரம திருப்தி. அவள் வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள், நானும் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. நான் சிமெண்ட் கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குவதைக் கவனிக்கிறவன். இரண்டு மாதத்துக்கு முன்னால் இருமல் விடாமல் பிடித்துக்கொண்டது. அவளே என்னைக் கூட்டிப் போய் நெஞ்சைப் படம் எடுத்தாள். டாக்டர் பார்த்துவிட்டு, “கண்ணாடி மாதிரி இருக்கு. தூசு ஒத்துக்கல, அவ்வளவுதான்,” என்று ஒரு பாட்டில் மருந்து கொடுத்தார். இருமல் போகவில்லை. ஆனால் படம் சுத்தம் என்ற தைரியத்தில் நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் பயப்படாமல் விட்ட ஒரே விஷயம் அதுதான்.

“என் படமும் அந்த எழுபதுலதானே வந்தது?”

குழாயை மூடாமல் தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்போ அசல்?”

“மெஷின்ல இருக்கும். அது அழியாது. நாளைக்குக் காலையில பாத்துடலாம்.”

அன்றைக்கு இருவரும் தூங்கவில்லை. தூங்குவதாக இருவரும் நடித்தோம். அவள் மூச்சு விடும் சத்தத்தை வைத்தே அவள் நடிப்பது எனக்குத் தெரிந்தது, என் இருமல் என்னைக் காட்டிக்கொடுத்தது.

காலை ஏழு மணிக்கு எக்ஸ்ரே அறையைத் திறந்தாள். டாக்டர் ஒன்பதுக்குத்தான் வருவார். நான் சுவரோரம் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் கணினியில் என் படத்தைத் தேடி எடுத்து, குமிழைப் பூஜ்யத்துக்கு இழுத்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகு அசையவில்லை. சும்மா சொல்லக்கூடாது, இத்தனை வருடத்தில் ஒரு மனிதன் மனைவியின் முதுகைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிடுகிறான்.

“இன்னொரு படம் எடுத்துக்கலாம்,” என்றாள், திரும்பாமலே.

“எதுக்கு?”

“பிளேட்டுல தூசு இருந்திருக்கலாம். ஒரே பிளேட்தானே இங்க, எல்லாருக்கும் அதுலயேதான் எடுக்கறோம். சட்டையைக் கழட்டுங்க.”

கழற்றினேன். நெஞ்சை அந்தப் பிளேட் இருக்கும் சில்லென்ற பலகையில் வைத்தேன். போன தடவை எடுத்தபோது ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, மூச்சை விட்டா திரும்ப எடுக்கணும்’ என்று அதட்டினாள். அன்றைக்கு அதட்டவில்லை. வெறுங்கையால் என் தோளைத் தொட்டாள்.

“ரெண்டு விரல் அளவு வலது பக்கமா தள்ளி நில்லுங்க.”

எதற்கு என்று நான் கேட்கவில்லை. ஒரு மாதமாகச் சாப்பாட்டு மேசையில் கேட்டுக் கேட்டு எனக்கும் பாடம் மனப்பாடம். புள்ளி பலகையோடு நின்றால் தூசு. என்னோடு நகர்ந்தால் அது என்னுடையது. அடுத்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் தனியாக நின்றேன். ‘தூசாக இரு, தூசாக இரு’ என்று நெஞ்சுக்குள் இருந்த எதையோ கெஞ்சிக்கொண்டிருந்தேன். வாழ்நாளெல்லாம் சிமெண்ட் தூசியைத் திட்டியவன், அன்றைக்கு அதையே வேண்டிக்கொண்டேன்.

படம் வர ஒன்றரை நிமிடம் ஆகும். நான் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். பழைய படம், புதுப் படம், இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மாற்றி மாற்றிக் காட்டும் வேலை அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. நட்சத்திரங்களுக்கு அப்படித்தான் செய்வாள். தட்டினாள். என் விலா எலும்புகள் இரண்டு விரல் அளவு நகர்ந்தன. மறுபடி தட்டினாள், திரும்பி வந்தன. இடது பக்கம், இரண்டாவது எலும்புக்குக் கீழே, மிளகு அளவில் மங்கலாக ஒன்று இருந்தது. பழைய படத்திலும் இருந்தது, புதுப் படத்திலும் இருந்தது. நான் பலகையின் ஓரத்தைப் பார்த்துக் கணக்குப் போட முயன்றேன். எண்ணமெல்லாம் குழம்பியது.

“உங்களோட நகர்ந்திருக்கு,” என்றாள்.

திரும்பி என்னைப் பார்த்தாள். பத்தொன்பது வருடத்தில் நான் பார்க்காத முகம் அது. எனக்குப் பயமாக இருந்ததைவிட, அவளுக்குப் பயமாக இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

“வளர்ந்திருக்கா?”

“அதே அளவுதான். ரெண்டு தடவை அளந்துட்டேன்.”

பிறகு அவள் ஒன்று செய்தாள். குமிழைப் பிடித்து மெல்ல எழுபதுக்கு நகர்த்தினாள். நாற்பதில் மிளகு மங்கியது, அறுபதில் நிழலானது, எழுபதில் போய்விட்டது. பூஜ்யத்துக்கு இழுத்தாள், வந்தது. மறுபடி எழுபது. மறுபடி பூஜ்யம். ஏழெட்டுத் தடவை அப்படியே இழுத்துக்கொண்டிருந்தாள். எழுபதில் நான் கண்ணாடி மாதிரி இருந்தேன்.

“எழுபதுலயே விட்டுடேன்,” என்றேன். வேடிக்கைக்குச் சொல்லவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

“விட்டா போயிடுமா?” என்றாள். குமிழைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்தாள்.

ஒன்பது மணிக்கு டாக்டர் வந்தார். அவள் எதையும் மறைக்கவில்லை. என்ன செய்தாள், எந்தத் தேதியில் செய்தாள், எல்லாவற்றையும் நின்றுகொண்டே சொன்னாள். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“பண்ணச் சொன்னது நான்தானே. ரெண்டு மாசத்துல வளராதது நல்ல அறிகுறிதான். ஆனா இதை வச்சு எதையும் சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரியில ஸ்கேன் எடுத்துடலாம்.” வியாழக்கிழமைக்கு எழுதிக் கொடுத்தார்.

நான் வீட்டுக்குப் போகலாம் என்று எழுந்தேன். அவள் எழவில்லை.

“நாலு மாசத்துல முன்னூத்திப் பதினாறு பேருக்கு நெஞ்சுப் படம் எடுத்திருக்கேன்,” என்றாள். “எல்லாத்தையும் பூஜ்யத்துல வச்சுத் திரும்பப் பாக்கணும் சார். சந்தேகமா இருக்கறதை உங்களுக்கு எடுத்து வைக்கறேன். அவங்களுக்கு நானே போன் பண்றேன்.”

டாக்டர் சரி என்று தலையசைத்தார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க பேரைப் படிச்சிட்டே வர்றீங்களா? எனக்குக் கண்ணு படத்துல இருக்கணும்.”

கிடங்குக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தடித்த பதிவேடு, அவளுடைய குண்டு எழுத்து. நான் ஒரு பெயரைப் படிப்பேன், அவள் அந்தப் படத்தைத் திறப்பாள், குமிழ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்ப்பாள், நெஞ்சின் ஒவ்வொரு மூலையாகப் பார்ப்பாள், ‘அடுத்தது’ என்பாள். கீழ்வீட்டுக்காரர், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், தையல்கடை அம்மா. எல்லோரும் கண்ணாடி மாதிரி என்று நம்பிக்கொண்டு எங்கேயோ நடமாடிக்கொண்டிருந்தார்கள். மதியத்துக்குள் ஒருவருடைய படத்தைத் தனியாக எடுத்து வைத்தாள். இருமல் வந்தபோதெல்லாம் நான் வாயைப் பொத்திக்கொண்டேன், அவளுக்குக் கேட்கக்கூடாது என்று.

நூற்று எழுபத்தெட்டாவது வரியில் என் பெயர் இருந்தது. தாண்டிவிடலாமா என்று நினைத்தேன். அவள் கண்ணைப் படத்திலிருந்து எடுக்காமல் காத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களுடையதைப் படித்தது போலவே, என் பெயரையும் அப்பா பெயரையும் வயதையும் சேர்த்து முழுசாகப் படித்தேன்.

அவள் அந்தப் படத்தைத் திறந்தாள். குமிழைப் பார்த்தாள். எல்லோருக்கும் பார்த்தது போலவே ஒவ்வொரு மூலையாகப் பார்த்து, படத்தைத் தனியாக எடுத்து வைத்தாள்.

“அடுத்தது,” என்றாள்.